அங்கே என்ன பேசினார்? எழுதி வைத்திருக்கிறது!

டீக்கடை பெஞ்சில் ஒரு தகராறு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஊர் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வேணும்னு எம்.பி. டெல்லியிலே முழங்கினாரே! சுவரொட்டி பார்க்கலையா?" என்கிறார் ஒருவர்.

"முழங்கினாரா? வாயே திறக்கலை அண்ணாச்சி! ஓட்டு வாங்கினதோட சரி" என்கிறார் மற்றவர்.

"நீ போய்ப் பார்த்தியா?"

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

இருவருமே போய்ப் பார்க்கவில்லை. டீ ஆறிவிட்டது. தகராறு ஆறவில்லை.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு சாட்சி வேண்டும். யாருக்கும் பயப்படாத சாட்சி. கட்சி மாறாத சாட்சி. மறந்துவிட்டேன் என்று சொல்லாத சாட்சி.

அப்படி ஒரு சாட்சி இருக்கிறது. பாராளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு என்பது அதன் பெயர். யார் எந்தத் தேதியில் எழுந்தார், என்ன கேட்டார், மந்திரி என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை யாரும் பார்க்கலாம். காசு கொடுக்க வேண்டாம். சிபாரிசு வேண்டாம்.

ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

சபை நடுவே ஒரு மேஜை

பாராளுமன்றத்தில் சபையின் நடுவே ஒரு மேஜை இருக்கிறது. அங்கே குறிப்பு எடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிறவரின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்வது அவர்கள் வேலை. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஆள் மாறும். ஒருவர் எழுந்து போய் எழுதியதைச் சுத்தமாகத் தயாரிப்பார். அதற்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

சபையில் நடப்பதை முழுமையாக எழுதி வெளியிட வேண்டும் என்று சபையின் விதியே சொல்கிறது. மெம்பர் தம் பேச்சில் பிழை இருந்தால் திருத்திக் கொடுக்கலாம். ஆனால் சொன்னதைச் சொல்லவில்லை என்று மாற்ற முடியாது.

கண்ணியக் குறைவான வார்த்தைகளை நீக்கும்படி சபாநாயகர் உத்தரவிடலாம். அப்படி நீக்கினாலும் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் நிற்கும். இங்கே ஏதோ இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

பாராளுமன்றத்துக்குள் பேசியதற்காக ஒரு மெம்பர் மீது கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. பயப்படாமல் பேசட்டும், உண்மையைச் சொல்லட்டும் என்பதற்காகக் கொடுத்த பாதுகாப்பு அது.

நீதிபதி கேட்க முடியாது என்றால் வேறு யார் கேட்பது? அனுப்பி வைத்த ஜனங்கள்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு, என்ன பேசினார் என்பது முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

கற்பனையில் பிறந்த பேச்சுகள்

இந்தக் குறிப்பு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு.

பார்லிமெண்டுகளுக்குத் தாய் என்று இங்கிலாந்தைச் சொல்வார்கள். அந்தத் தாய் வீட்டிலேயே ஒரு காலத்தில் பேச்சை அச்சிடுவது குற்றமாக இருந்தது. சபையில் நடந்ததைப் பத்திரிகையில் போடக்கூடாது என்று 1738-ம் ஆண்டில் காமன்ஸ் சபை தீர்மானம் போட்டது.

பத்திரிகைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். "ஜென்டில்மேன்ஸ் மேகசின்" என்ற பத்திரிகை, லில்லிபுட் என்ற கற்பனை நாட்டின் சபையில் நடந்த விவாதம் என்று சொல்லி லண்டன் பேச்சுகளை வெளியிட்டது. படித்தவர்களுக்கு யார் பேச்சு என்று புரிந்துவிடும்.

அந்தப் பேச்சுகளைச் சில வருஷங்கள் எழுதியவர் யார் தெரியுமா? பின்னால் ஆங்கில அகராதி தயாரித்துப் பெரும்புகழ் பெற்ற சாமுவேல் ஜான்சன்! அவர் சபைக்குப் போய்க் கேட்டு எழுதவில்லை. கையில் கிடைத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு மீதியைத் தம் சொந்தத் திறமையால் எழுதினார். படித்த ஜனங்கள் அதையே உண்மைப் பேச்சு என்று நம்பினார்கள்.

உண்மைக் குறிப்பு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். எழுதுகிறவன் எழுதியதே பேச்சு, சுவரொட்டியில் போட்டதே உண்மை என்று ஆகிவிடும்.

சிறைக்குப் போன மேயர்

1771-ம் ஆண்டு. லண்டனில் சில அச்சுக்காரர்கள் துணிந்து விட்டார்கள். மெம்பர்களின் பெயரைப் போட்டே பேச்சை அச்சிட்டார்கள். காமன்ஸ் சபைக்குக் கோபம் வந்தது. ஜான் மில்லர் என்ற அச்சுக்காரரைப் பிடித்துவரச் சேவகனை அனுப்பியது.

நடந்தது வேறு! பிடிக்க வந்த சேவகனை லண்டன் நகரக் காவலர் பிடித்துவிட்டார். நகர மேயர் பிராஸ் கிராஸ்பி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேயருடன் ஜான் வில்க்ஸ், ரிச்சர்ட் ஆலிவர் என்ற இரண்டு நகர சபையினரும் இருந்தார்கள். எங்கள் நகரத்துக்குள் எங்கள் அனுமதி இல்லாமல் ஒருவரைப் பிடிக்க உனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, அச்சுக்காரரை விடுதலை செய்தார்கள்.

காமன்ஸ் சபை சும்மா இருக்குமா? மேயர் கிராஸ்பியையும் ஆலிவரையும் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தது. ஜனங்கள் கொதித்தார்கள். கூட்டத் தொடர் முடிந்து இருவரும் வெளியே வந்தபோது கூட்டம் கூடி வரவேற்றது.

அதன் பிறகு பேச்சை அச்சிட்டவர்களைப் பிடிக்கும் துணிச்சல் சபைக்கு வரவில்லை. தீர்மானம் ஏட்டிலே கிடந்தது. பேச்சுகள் பத்திரிகையில் வந்தன.

பின்னர் வில்லியம் காபெட் என்ற பத்திரிகை ஆசிரியர் பேச்சுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1812-ல் அந்த வேலை தாமஸ் கர்சன் ஹன்சார்ட் என்ற அச்சுக்காரரின் கைக்கு வந்தது. அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் பாராளுமன்றக் குறிப்புக்கு "ஹன்சார்ட்" என்றே பெயர். அச்சுக்கூடக்காரர் ஒருவரின் பெயர் அத்தனை நாட்டுப் பாராளுமன்றங்களிலும் விளங்குகிறது! லண்டனில் 1909-ம் ஆண்டு முதல் காமன்ஸ் சபையே பொறுப்பேற்று அதை வெளியிட்டு வருகிறது.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டுக் கதையும் சுவையானதுதான்.

பெரோஸ் காந்தி என்று ஒரு மெம்பர். ரேபரேலி தொகுதிக்காரர். ஆளும் காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்தவர். பிரதமர் நேருவின் மருமகன். பாராளுமன்றத்தில் நடந்ததை உண்மையாக வெளியிடும் பத்திரிகை மீது வழக்குப் போடக்கூடாது என்று அவர் தனி மெம்பர் மசோதா கொண்டுவந்தார். 1956-ல் அது சட்டம் ஆயிற்று.

அதன் பயன் சீக்கிரமே தெரிந்தது. ஜனங்களின் பிரிமியப் பணத்தில் நடப்பது ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன். அதிலிருந்து சுமார் 1.25 கோடி ரூபாய், முந்திரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. அந்தக் காலத்தில் அது மலை போன்ற தொகை. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி சபையில் எழுந்து, இது எப்படி நடந்தது என்று ஆதாரங்களோடு கேட்டார். நாடே அந்தப் பேச்சைப் படித்தது. நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். அவர் நம் சென்னைக்காரர்.

கேள்வி கேட்டது ஆளும் கட்சி மெம்பர். பதவி விலகியது ஆளும் கட்சி மந்திரி. இதைப் படித்த ஜனங்களுக்குப் பாராளுமன்றத்தின் மீது மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆனால் 1975-ல் அவசர நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. பாராளுமன்றப் பேச்சும் தணிக்கைக்குத் தப்பவில்லை. 1976-ல் பெரோஸ் காந்தி கொண்டுவந்த சட்டமே ரத்து செய்யப்பட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் அவருடைய மனைவி இந்திரா காந்தி. பெரோஸ் காந்தி அப்போது உயிருடன் இல்லை. 1960-லேயே காலமாகிவிட்டார்.

அவசர நிலை முடிந்து 1977-ல் புதிய அரசாங்கம் வந்ததும் அந்தச் சட்டம் திரும்பி வந்தது. 1978-ல் 44-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றது. 361-ஏ என்பது அந்தப் பிரிவு.

இதிலிருந்து தெரிவது என்ன? ஜனங்கள் படிக்கும் உரிமையை ஒரு தடவை பெற்றுவிட்டால் போதாது. உபயோகித்துக்கொண்டே இருக்க வேண்டும். உபயோகிக்காத கத்தி துருப்பிடிக்கும். உபயோகிக்காத உரிமையும் அப்படித்தான்.

செல்போனுக்குள் பாராளுமன்றம்

முன்பெல்லாம் இந்தக் குறிப்புகள் தடித்த புத்தகங்களாக இருந்தன. பெரிய லைப்ரரிக்குப் போக வேண்டும். அட்டவணையைப் பார்க்க வேண்டும். தூசி தட்ட வேண்டும்.

இன்றைக்குச் செல்போனிலேயே பார்க்கலாம். "சன்சத் டாட் இன்" என்பது பாராளுமன்றத்தின் சொந்த இணைய தளம். பாராளுமன்றத்தின் மின் நூலகமும் இருக்கிறது. அதில் பழைய விவாதங்களும் உண்டு. அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ல் கூடியது. அங்கே அம்பேத்கரும் மற்றவர்களும் நடத்திய வாதப் பிரதிவாதங்களைக்கூட நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம்.

எப்படித் தேடுவது? கஷ்டமே இல்லை.

முதலில் சபையைத் தேர்ந்தெடுங்கள். லோக்சபையா, ராஜ்யசபையா என்று பாருங்கள். பிறகு உங்கள் எம்.பி.யின் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுவார்கள். ஒரு விதமாகக் கிடைக்காவிட்டால் வேறு விதமாகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது விஷயம். மேம்பாலம் என்று தேடிக் கிடைக்கவில்லையா? ரயில்வே என்று தேடுங்கள். ஊர்ப் பெயரைக் கொடுங்கள். பழைய ஏடுகள் படம் பிடித்து ஏற்றப்பட்டவை. சொல்லைக் கொண்டு தேடினால் சில சமயம் அகப்படாது. தேதி தெரிந்தால் தேதியைக் கொண்டு தேடுங்கள்.

பேச்சை மட்டும் தேடினால் போதாது. கேள்விகளையும் பார்க்க வேண்டும். பெரும் புதையல் அங்கேதான் இருக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் எழுந்து வாயால் பதில் சொல்வார். மேலே துணைக் கேள்விகளும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். லோக்சபையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20 வரை. எழுத்துக் கேள்வி 230 வரை. ரேஷன் அரிசி, பயிர் இன்சூரன்ஸ், தபால் ஆபீஸ், மீனவர் படகு என்று எத்தனையோ விஷயங்களுக்கு அங்கே சர்க்கார் கைப்பட எழுதிக் கொடுத்த பதில் இருக்கிறது.

தலையை எண்ணினால் போதுமா?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 2004-ல் தன்னார்வமுள்ள சிலர் சேர்ந்து ஓர் இணைய தளம் தொடங்கினார்கள். "அவர்கள் உங்களுக்காக வேலை செய்கிறார்கள்" என்று அர்த்தப்படும் பெயர் வைத்தார்கள். யார் எத்தனை தடவை பேசினார், எப்படி ஓட்டுப் போட்டார் என்று அதில் தேடலாம். நமக்கு வேண்டிய விஷயம் சபையில் பேசப்பட்டால் நமக்குக் கடிதமும் வந்துவிடும்.

அதே தளத்தில் ஒரு வேடிக்கைக் கணக்கும் போட்டார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்களை அடுத்தடுத்து ஒரு மெம்பர் எத்தனை தடவை சொன்னார் என்ற கணக்கு! இது எதற்கு? எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நினைவூட்டுவதற்குத்தான்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கணக்கு கிடைக்கிறது. டெல்லியில் 2005-ல் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற ஆராய்ச்சி நிலையம், ஒவ்வொரு எம்.பி.யும் எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று பட்டியல் போடுகிறது. நல்ல காரியம். ஆனால் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மந்திரிகள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. அவர்கள் கேள்வியும் கேட்பதில்லை. பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை. இது தெரியாமல், கேள்வி பூஜ்யம், ஆகவே தூங்கிவிட்டார் என்று சொன்னால் அது அநியாயம்.

இன்னொரு புறம் பாருங்கள். 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவியை இழந்தார்கள். லோக்சபையில் 10 பேர், ராஜ்யசபையில் ஒருவர். அவர்கள் செய்த குற்றம் என்ன? கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கினார்கள்! கணக்கில் பார்த்தால் காசுக்குக் கேட்ட கேள்வியும் ஒன்று, கண்ணீருக்குக் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். என்ன கேட்டார், யாருக்காகக் கேட்டார் என்று பிரித்துப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஓட்டு விஷயத்திலும் ஒரு குறை உண்டு. நம் பாராளுமன்றத்தில் பல மசோதாக்கள் குரல் ஓட்டில் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர் ஒரு குரல், எதிர்ப்பவர் ஒரு குரல். அப்போது யார் எந்தப் பக்கம் என்று பெயர் வாரியாகக் குறிப்பில் இருக்காது. பிரித்து எண்ண வேண்டும் என்று மெம்பர்கள் கேட்டு ஓட்டெடுப்பு நடந்தால்தான் கணக்கு பதிவாகும்.

முக்கியமான எச்சரிக்கை கடைசியில். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வருபவரை நம்பாதீர்கள். செல்போனில் அரை நிமிடப் பேச்சு வருகிறது. அதற்கு முன்னே என்ன சொன்னார்? பின்னே என்ன சொன்னார்? ஏட்டைத் திறந்து ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னும் படியுங்கள். நமக்குப் பிடிக்காத கட்சிக்காரருக்கும் அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும்.

தமிழில் படிப்பது எப்போது?

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். அவளும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள். தன் எம்.பி. என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறாள். குறிப்பைத் திறந்தால் பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது இந்தி!

எம்.பி. சபையில் தமிழில் பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் அச்சேறும்போது, தமிழில் பேசிய பேச்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று ஓர் அடிக்குறிப்புடன் ஆங்கிலத்தில் நிற்கிறது. தமிழில் ஓட்டுக் கேட்டார். தமிழில் பேசினார். ஓட்டுப் போட்ட தமிழச்சி மட்டும் அதைத் தமிழில் படிக்க வழியில்லை!

பக்கத்து இலங்கையில், பாராளுமன்றத்தில் தமிழில் பேசினால் ஹன்சார்டில் தமிழிலேயே அச்சாகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. தமிழ்நாட்டு எம்.பி.க்களின் கேள்விகளும், அவற்றுக்கு வந்த பதில்களும் கூட்டத் தொடர் முடிந்ததும் தமிழில் வர வேண்டும். அதன் பிரதி ஒன்று ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் இருக்க வேண்டும். இதை எப்படித் தேடுவது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். மழை நீரைச் சேமிப்பது எப்படி என்று படிக்கும் பிள்ளை, தலைவர்களின் வாக்கைச் சரிபார்ப்பது எப்படி என்றும் படிக்கட்டும்.

எம்.பி.க்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் நீங்களே தமிழில் அச்சிட்டு உங்கள் ஆபீஸ் வாசலில் ஒட்டலாமே! "முழங்கினார்" என்ற சுவரொட்டியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மீண்டும் டீக்கடைக்கு

நம் டீக்கடை வழக்கு என்ன ஆயிற்று?

பால் வாங்க வந்த காலேஜ் பெண் ஒருத்தி தகராறைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இருங்க மாமா, பார்த்துச் சொல்றேன்" என்று செல்போனை எடுக்கிறாள். எம்.பி. பெயரைத் தட்டுகிறாள். ஊர்ப் பெயரைத் தட்டுகிறாள்.

"பேச்சு ஒண்ணும் இல்லை. ஆனா எழுத்திலே ஒரு கேள்வி கேட்டிருக்கார். திட்டம் பரிசீலனையிலே இருக்குன்னு மந்திரி பதில் கொடுத்திருக்கார்" என்கிறாள்.

ஆக, அவர் முழங்கவும் இல்லை. ஊமையாகவும் இல்லை. இரண்டு பேர் சொன்னதும் பாதிதான் உண்மை.

பெஞ்சில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு அண்ணாச்சி கேட்கிறார்:

"பதில் வந்து எத்தனை மாசம் ஆச்சும்மா?"

"எட்டு மாசம் ஆச்சு மாமா."

"அப்படின்னா இப்போ அந்தப் பரிசீலனை எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேட்டு ஒரு கார்டு எழுதுவோம். தம்பி, நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

இவ்வளவு நேரம் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டவர்கள், இப்போது ஒன்றாக உட்கார்ந்து டெல்லிக்குக் கேள்வி எழுதுகிறார்கள்.

வாசகர்களே! இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் வீட்டில் அனைவரும் உட்காருங்கள். பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுங்கள். உங்கள் எம்.பி.யின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். நல்லது செய்திருந்தால் பாராட்டி எழுதுங்கள். குறை இருந்தால் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள்.

அவர் பேசுவது உங்கள் பேரில். அதைப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.